படத்தை மூடும் கை

இடது உள்ளங்கை புத்தகப் பக்கத்தின் மேல் பாதியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வாத்து, ஒரு குளம், கொட்டுகிற மழை எல்லாம் அதற்கடியில் காணாமல் போயின. மிச்சம் இருப்பது எழுத்து மட்டும்.

"டீச்சர், கைய எடுங்க. வாத்து தெரியல."

"வாத்து எங்கயும் ஓடிடாது. கீழ என்ன எழுதியிருக்கு, அதச் சொல்லு."

பையன் குனிந்து விரல் இடுக்கு வழியாக வாத்தின் வாலாவது தெரிகிறதா என்று பார்க்கிறான். டீச்சர் விரல்களை நெருக்கிக்கொள்கிறார். வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகு பையன் பெருமூச்சு விட்டு, "வா..." என்று ஆரம்பிக்கிறான். அதற்கு அவனுக்குக் கிடைப்பது ஒரு "ம்". இந்த வகுப்பில் 'வெரி குட்' கிடையாது, கைதட்டல் கிடையாது, நட்சத்திர ஸ்டிக்கர் கிடையாது. அந்த ஒரு "ம்"முக்காகத்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு 'கை டீச்சர்' என்றுதான் பெயர். வைத்தவர்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கலாம். கூப்பிடுவதற்கு யாருக்கும் தேவைப்பட்டதில்லை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. "இவகிட்ட ஒரு மருந்து டப்பாவக் குடுத்துப் பாருங்க. முதல்ல மேல இருக்கிற படத்த மூடுவா. அப்புறம்தான் தலைவலிக்கா கால்வலிக்கான்னு படிப்பா. அதுக்குள்ள எனக்கு வலியே போயிடும்," என்பார் அவர் கணவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மனைவியைக் கிண்டல் செய்வது அவருக்கு ஓவர்டைம் மாதிரி.

வகுப்பறை சின்னது. நாற்காலிகள் முழங்கால் உயரம். கை டீச்சர் அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடப்பார். உட்காருவதும் அதே குட்டி நாற்காலியில்தான், முழங்கால் இரண்டும் தாடையை இடிக்கும்படி. அவருக்கென்று போட்ட பெரிய நாற்காலியில் மாற்று டவுசர்கள், ஊக்கு டப்பா, நகவெட்டி, ஜோடி இல்லாத ஒரு காலுறை எல்லாம் குடியிருக்கின்றன. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். அவர் குரல் கிசுகிசுப்புக்கு வந்துவிட்டதென்றால் கடைசி வரிசைவரை கப்சிப்.

தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு. அங்கே பாடம் கோரஸாகத்தான் நடக்கும். ஒருவன் சொல்ல அத்தனை பேரும் சொல்ல, சுவரே பாடுவது போலிருக்கும். தலைமையாசிரியைக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். எல்லோரும் 'பெரிய டீச்சர்' என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வரிசை நேராக இருக்க வேண்டும், நோட்டு அழகாக இருக்க வேண்டும், கேட்ட கேள்விக்கு எல்லா வாயும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷி இல்லை. மழைநாளில் நனைந்து வந்த பிள்ளைக்குத் தன் சால்வையைக் கழற்றிப் போர்த்தியவர்தான். ஆனால் கோரஸ் என்பது தெரியாத பிள்ளைகள் ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்று கை டீச்சர் சொன்னால் மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற டீச்சரையே ஒருத்தி வருஷம் முழுக்க ஏமாற்றியிருந்தாள். இந்த வகுப்பின் வாயாடி.

வாயாடி என்றால் சாதாரண வாயாடி இல்லை. காலையில் நுழையும்போதே, "டீச்சர், உங்க செருப்பு நேத்து வேற கலரு," என்று ஆரம்பித்து, சாயங்காலம் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போகிறவரை ஓயமாட்டாள். அம்மா பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மூத்தவள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். வாயாடிதான் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. 'வாத்தும் குடையும்' புத்தகத்தைக் கையில் கொடுத்தால் போதும், தங்குதடை இல்லாமல், வாத்துக்கு ஒரு குரல் தவளைக்கு ஒரு குரல் வைத்துப் படிப்பாள். உள்ளங்கை படத்தை மூடியிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. "மூடிக்கோங்க டீச்சர், எனக்கு வேணாம்," என்பாள் பெரிய மனுஷி போல. பள்ளிகளைச் சோதிக்கும் கல்வி அதிகாரி வருகிற அன்றைக்கு அவர் முன்னால் படித்துக் காட்ட அவளைத்தான் நிறுத்துவது என்று பெரிய டீச்சர் எப்போதோ முடிவு செய்துவிட்டார்.

காட்டிக்கொடுத்தது பசை. கத்தரித்து ஒட்டும் வேலை நடந்த அன்று யாரோ ஒரு பிள்ளை பசைக் கையோடு அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறது. நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. மறுநாள் வாயாடி முன்னால் நின்று வழக்கம்போல் படித்தாள். பக்கத்தில் டீச்சர், படத்தின் மேல் கை.

"வாத்து தவளையிடம் போய்க் குடை கேட்டது. தர மாட்டேன் என்றது தவளை."

கை டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவளைப் பக்கம் பசைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. திறந்திருந்தது நத்தைப் பக்கம். நத்தை தன் வீட்டுக்குள் வாத்தை அழைக்கும் வரிகளுக்கடியில் வாயாடியின் விரல் வார்த்தை வார்த்தையாக நகர்ந்தது. வாய் தவளையைச் சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தில் நத்தை வந்தது. அங்கே அச்சில் இருந்தது எறும்பு. இப்படியே கதை ஒரு பக்கம் பின்தங்கி நடந்து, கடைசிக் காட்சிக்குப் பக்கமே இல்லாமல் போயிற்று. வாயாடி கொஞ்சமும் தயங்கவில்லை. விலை மட்டும் அச்சடித்திருந்த பின்னட்டையில் விரலை வைத்து, மழை நின்று வாத்து சிரித்த கதையைப் படித்து முடித்தாள். வகுப்பு ஆஹாவென்றது. டீச்சர் வாயிலிருந்து அன்றைக்கு "ம்" வரவில்லை. வாயாடி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு காகிதத் துண்டில் 'வாத்து' என்று எழுதிக் காட்டினார்.

"நத்தை!" என்றாள் உற்சாகமாக. டீச்சர் முகம் மாறாததைப் பார்த்து, "இல்ல இல்ல, குடை," என்றாள். பிறகு, "மழை?" என்றாள். அவள் கண் காகிதத்தில் இல்லை; டீச்சர் முகத்திலேயே இருந்தது. புருவத்தில், உதட்டோரத்தில், எங்கே 'சரி' என்று எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளை முகத்தை எவ்வளவு நன்றாகப் படிக்கிறாள்! கை டீச்சருக்குக் கோபம் குழந்தைமேல் இல்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த தன் கையின்மேல்.

"இந்தக் கதைய உனக்கு யாரு சொன்னது?"

"அக்கா. அவ ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தப்போ தினம் படிப்பா. நான் பக்கத்துலயே படுத்திருப்பேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்காகிட்ட சொல்லிடுவீங்களா? கிளாஸ்ல சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று உறைத்தது. ஏனென்றால் அதிகாரி முன்னால் வாயாடியைப் படிக்கவிடாதீர்கள் என்று பெரிய டீச்சரிடம் அன்று காலை அந்த வாசிப்பு முடிந்த கையோடு போய் அவர் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒரு புத்தகத்தையே மனசுல வச்சிருக்குன்னா எவ்வளவு புத்தி! அதப் போய்க் குறைன்னு வந்து நிக்கிறீங்களே," என்றார் பெரிய டீச்சர்.

"புத்தி இருக்கிறதாலதான் எனக்குப் பயமா இருக்கு. சாதாரணப் பிள்ளையா இருந்தா என்னைக்கோ மாட்டியிருக்கும்."

"ரெண்டாவதுல பார்த்துக்குவாங்க, விடுங்க."

"ரெண்டாவதுல எழுத்துச் சொல்லித் தர மாட்டாங்க. போர்டப் பார்த்து எழுதச் சொல்லுவாங்க. அவ முத்து முத்தா எழுதிடுவா. மூணாவதுலயும் எழுதிடுவா. அதிகாரி 'படிக்கத் தெரியும்'னு ஒரு டிக் போட்டுட்டா, அப்புறம் இந்தப் பிள்ளைக்கு யாரு உட்கார்ந்து 'ப'வும் 'ட'வும் சொல்லப் போறாங்க?"

"போன தடவை நம்ம ஸ்கூலுக்கு என்ன பேரு கிடைச்சதுன்னு ஞாபகம் இருக்கில்ல? எல்லார் முன்னாடியும் நான்தான் தலையக் குனிஞ்சிட்டு நின்னேன். அவ படிக்கட்டும். அன்னைக்கு நீங்க வாயத் திறக்காதீங்க. அவ்வளவுதான்." பெரிய டீச்சர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி சாக்பீஸ் டப்பாவோடு எதிரே வந்தாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மெச்சும் பெண். மணி அடிப்பாள், தண்ணீர் எடுத்து வருவாள், எந்த டீச்சர் எதைக் கேட்டாலும் ஓடுவாள். வாசிக்கிற பாடவேளை வந்தால் மட்டும் எப்படியோ ஒரு வேலை முளைத்து வெளியே போய்விடுவாள். "எவ்வளவு பொறுப்பு பாருங்க," என்பார்கள். கை டீச்சர் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. இன்று அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாயாடியே வருவது போலிருந்தது.

அதன் பிறகு சாப்பாட்டு இடைவேளைகள் போர்க்களமாயின. வாயாடி முதலில் சிரித்து மழுப்பிப் பார்த்தாள். அப்புறம் தண்ணீர் குடிக்கக் கேட்டாள். அப்புறம் வயிற்று வலி என்றாள். "எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" என்று காகிதத் துண்டைக் கிழித்து வாயில் போட்டு மென்று துப்பினாள். டீச்சர் வேறொரு துண்டை எடுத்து மறுபடி எழுதினார். ஒரு நாள் அவர் புறங்கையை வெடுக்கென்று கடித்தும் வைத்தாள். கை டீச்சர் கையை உதறிக்கொண்டு, "அந்தக் கை படம் மூடாது, இந்தக் கைதான் மூடும். தப்பான கையக் கடிச்சிட்ட," என்றார். குழந்தை சிரிக்கவில்லை.

அதைவிட மோசமானது பின்னால் வந்தது. வாயாடி பேச்சை நிறுத்திவிட்டாள். செருப்பின் நிறம் மாறியது, ஜன்னலில் பூனை வந்து உட்கார்ந்தது, எதையும் சொல்லவில்லை. பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தாள். இருந்த ஒரே சொத்தையும் பிடுங்கிவிட்டோமோ என்று டீச்சர் பயந்தார். தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிட்ட பிள்ளை இனி வாயே திறக்காமல் போனால், அந்தப் பாவம் யார் தலையில்?

வாயாடியின் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்து டீச்சரைப் பிடித்தார். மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. கண்ணில் அதைவிடச் சூடு.

"எம்புள்ளய என்ன சொன்னீங்க டீச்சர்? வீட்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. அக்காக்காரி புத்தகத்தத் தொட்டா எழுந்து போயிடுது. நல்லாப் படிச்சிட்டிருந்த புள்ளைக்கு என்ன ஆச்சு?"

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாலே பாதி சொன்ன மாதிரி.

"என்மேல கோவப்படுங்கம்மா. அவகிட்ட மட்டும் எதுவும் தோண்டித் துருவிக் கேக்காதீங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

"அதிகாரி வர்ற அன்னைக்கு எம்புள்ளதான் படிக்கப்போகுதுன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு அது வாயத் திறக்கல, உங்களச் சும்மா விட மாட்டேன்." விறுவிறுவென்று மகளை இழுத்துக்கொண்டு போனார். வாயாடி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை வகுப்புக்கு யாரும் வருவதற்கு முன் அவள் வந்து நின்றாள். டீச்சரின் காதைப் பிடித்து இழுத்து, ஏதோ திருட்டு விஷயம் சொல்வதுபோல் கிசுகிசுத்தாள்.

"அம்மா கடை போர்டுல ஒரு 'ட' இருக்கு."

"எங்க?"

"கடைசில. முன்னாடி ஒரு சுருட்டை வச்சிட்டு உக்காந்திருக்கு. ஆனா அது 'ட'தான். ஒரு கைதான் இருக்கு. 'ப'வுக்குத்தான் ரெண்டு கை."

"ம்," என்றார் டீச்சர். சத்தமாகச் சொல்லியிருந்தால் அழுகை வந்திருக்கும். அன்றைக்கு வாயாடி இரண்டு எழுத்துக்குச் சொந்தக்காரி. மற்றதெல்லாம் இன்னும் தடுமாற்றம். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார்.

களைத்துப்போன மனிதர். கையில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு, பார்வை அடிக்கடி கடிகாரத்தில். பார்க்க வேண்டிய பள்ளிகள் இன்னும் இருக்கின்றன என்று நுழையும்போதே சொல்லிவிட்டார். பளபளப்பான அட்டைகள். மேலே வண்ணப் படம், கீழே ஒரு வார்த்தை. நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கை டீச்சரின் பிள்ளைகள் படத்தைத் தாங்களே மூடிக்கொண்டு திக்கித் திக்கிப் படித்தார்கள். "ஏன் படத்த மூடுறாங்க?" என்று அதிகாரி ஆச்சரியப்பட்டார். பெரிய டீச்சருக்கோ அந்தத் திக்கல் ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. பொறுக்க முடியாமல், "சார், நம்ம பிள்ளைங்க புத்தகமே படிப்பாங்க, பாருங்க," என்று வாயாடியின் கையில் 'வாத்தும் குடையும்' கொடுத்து முன்னால் நிறுத்திவிட்டார்.

வாயாடி படிக்க ஆரம்பித்தாள். வாத்துக்கு ஒரு குரல், தவளைக்கு ஒரு குரல். ஆனால் பழைய துள்ளல் இல்லை. விரல் வரிகளில் ஓடவில்லை, ஓரத்திலேயே நின்றது. அதிகாரியின் முகம் மலர்ந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் தாளில் பேனாவை வைத்துவிட்டார்.

கை டீச்சர் அந்தப் பேனாவையே பார்த்தார். சொன்னால் குழந்தைக்குக் கொடுத்த வாக்குப் போகும். சொல்லாவிட்டால் குழந்தையே போகும். கை டீச்சர் பக்கவாட்டில் நடந்து போய் வாயாடியின் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அட்டை வாங்கலாமா?"

படிப்பு நின்றது. வாயாடி அந்தப் பளபளப்பான கட்டைப் பார்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்தது, தனக்கு மட்டும் பழைய புத்தகம்.

"கஷ்டமா இருக்குமா?"

"இருக்கும்."

"நீங்க சொல்லித் தருவீங்களா?"

"மாட்டேன்."

"நேரமாகுதும்மா, நல்லாத்தான் படிக்கிறா, போதும்," என்றார் அதிகாரி. பெரிய டீச்சர் பின்னாலிருந்து கை டீச்சரின் தோளை நறுக்கென்று கிள்ளினார். வாயாடி புத்தகத்தை மூடி டீச்சரின் மடியில் வைத்துவிட்டு அதிகாரியிடம் கை நீட்டினாள்.

வந்த அட்டையில் நீலக் கடல், அதில் ஒரு படகு. வாயாடியின் வாய் ஆசையோடு "கப்..." என்று திறந்தது. திறந்த வாயை அவளே மூடிக்கொண்டாள். தன் குட்டிக் கையைத் தூக்கிப் படத்தின் மேல் வைத்தாள். கடல் முழுக்க மூடவில்லை, படகு மூடிவிட்டது.

"ப," என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் கோரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"ட."

மூன்றாவது எழுத்தில் விரல் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாயாடியின் கண் மெல்ல அட்டையை விட்டு மேலே ஏறியது. டீச்சர் முகத்தில் தேடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய டீச்சரின் முகத்துக்குத் தாவியது. அங்கே அந்த நல்ல மனுஷியின் உதடுகள், உதவி செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில், "கு" என்று குவியத் தொடங்கியிருந்தன.

கை டீச்சர் தரையிலிருந்து எழுந்து, அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் இடது உள்ளங்கையைப் பெரிய டீச்சரின் வாய்மேல் வைத்து மூடினார். வாயாடியின் கண் அட்டைக்குத் திரும்பியது. விரல் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. டீச்சர் கையை எடுக்கவில்லை.